மண்ணாங்கட்டியைக் கும்பிட்ட பூச்சிகள்

மழை பெய்தால் மண் சிவக்கும், வெயில் அடித்தால் பலா மணக்கும், இரண்டும் இல்லாத நாளில் வம்பு விளையும், அப்படிப்பட்ட ஊர் எங்கள் செம்மண்குப்பம். அதைப் பற்றி அக்கம்பக்கத்துக்காரர்கள் வயிற்றெரிச்சலில் ஆயிரம் சொல்வார்கள், சாமியைப் பட்டினி போட்ட ஊர் என்றுகூடச் சொல்வார்கள். ஊர்வாயை மூட உலைமூடி கிடையாது. நடந்ததை நடந்தபடி நாங்களே சொல்லிவிடுகிறோம், கேட்டுவிட்டு நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

எங்கள் ஊரில் வீடுகளைவிடப் பலாமரங்கள் அதிகம். ஒவ்வொரு மரத்தின் பட்டையிலும் சுண்டுவிரலில் பாதி நீளத்துக்கு ஒருவகைக் கும்பிடுபூச்சி குடியிருக்கிறது, அது தரையில் இறங்காது, செடிகொடிக்குப் போகாது, பிறப்பதும் பட்டையில், சாவதும் பட்டையில், பட்டையின் நிறமும் சொரசொரப்பும் பட்டையில் படிந்த பாசித்திட்டும்கூட அதன் முதுகில் இருக்கும், ஆகையால் அசைந்தால்தான் அது பூச்சி, அசையாதவரை மரம். சின்னப்பிள்ளைகள் மரத்தில் மூக்கை ஒட்டவைத்துத் தேடி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் "கும்பிடு கும்பிடு குருவம்மா, கூழு தர்றேன் கும்பிடம்மா" என்று பாடுவார்கள், அதுவும் முன்னங்கை இரண்டையும் மடித்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, முக்கோணத் தலையைத் திருப்பி அவர்களைப் பார்க்கும். இதுவரை யாரும் அதற்குக் கூழ் கொடுத்ததில்லை. அது கூழுக்குக் கும்பிடுகிற பூச்சியும் அல்ல. கும்பிட்டபடியே இருக்கும், எறும்பு ஒன்று பக்கத்தில் வரும், கண்ணை இமைப்பதற்குள் எறும்பு அந்தக் கைகளுக்குள் இருக்கும், தலையிலிருந்து தின்னத் தொடங்கும், தின்று முடித்துக் கையை நக்கிச் சுத்தம்செய்து மறுபடியும் கும்பிடும். தோப்பில் வளர்ந்த எவருக்கும் இது தெரியும்.

அந்தத் தோப்பில் சருகு அள்ளுகிறவள் மண்ணாங்கட்டி. பெயரைக் கேட்டுச் சிரிக்காதீர்கள், காரணமில்லாமல் எங்கள் பக்கத்தில் யாருக்கும் பெயர் வைப்பதில்லை. அவளுக்கு முன்னால் பிறந்த பிள்ளைகளெல்லாம் நல்ல நல்ல பெயராக வாங்கிக்கொண்டு தொட்டிலிலேயே போய்விட, இவள் பிறந்ததும் அப்பன்காரன் கொண்டுபோய்க் குப்பைமேட்டில் போட்டான், போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கொஞ்ச தூரம் நடந்தான், பிறகு வேறு யாரோ போட்டுவிட்டுப் போன பிள்ளையை எடுக்கிறவன் மாதிரி எடுத்துவந்து மண்ணாங்கட்டி என்று பெயர் வைத்தான். எமன் வாசலில் நின்று கூப்பிடும்போது அழகான பெயராகப் பார்த்துத்தான் கூப்பிடுவானாம், மண்ணாங்கட்டி என்று கூப்பிட அவனுக்கே கூச்சமாக இருக்குமாம். பிள்ளையும் பிழைத்துக்கொண்டது.

பிழைத்தவள் பெயருக்கு ஏற்றபடியே வாழ்ந்தாள். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் அவள் இலையைத் தாண்டிச் சாம்பார் வாளி போகும், பக்கத்து ஊருக்கு நடந்துபோய் பஸ்ஸில் ஏறினால் அவள் மடியிலேயே உட்காரப் பார்ப்பார்கள், கட்டியவன் வெளியூருக்கு வேலைக்குப் போனவன் அவளைக் கட்டியதையே மறந்துபோனான். எங்களுக்கும் அவள்மேல் வெறுப்பு என்று எதுவும் கிடையாது, வெறுப்பதற்கும் ஆளைப் பார்க்கவேண்டும் அல்லவா. அவளும் அதைப் பற்றி வருத்தப்பட்டதில்லை. மகள் பச்சையம்மாளிடம் அடிக்கடி சொல்வாளாம், "நம்மள யாரும் பாக்காத வரைக்கும் நமக்கு ஒண்ணும் ஆவாதுடி" என்று.

அந்த ஆனி மாதம் காய்ப்பு அதிகம். ஆண்கள் மரத்தில் ஏறிப் பழத்துக்குக் கயிறு கட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள், பெண்கள் கீழே சும்மாட்டுத் தலையோடு வாங்கி வண்டிக்குச் சுமந்துகொண்டிருந்தார்கள், அவர்களுக்கெல்லாம் பின்னால் மண்ணாங்கட்டி கூடையும் வாருகோலுமாகத் தோப்புக்குள் நுழைந்தாள். முதல் மரத்தின் பட்டை சிலிர்த்தது. வேர் தொட்டு உச்சிவரைக்கும் அந்த மரத்தில் இருந்த பூச்சிகள் அத்தனையும் அவள் பக்கம் தலையைத் திருப்பி, இரண்டு கையையும் தூக்கி, நெஞ்சோடு சேர்த்துக் கும்பிட்டன, அவள் அடுத்த மரத்துக்குப் போனாள், அந்த மரமும் கும்பிட்டது, அவள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள், ஓடிய வழியெல்லாம் மரத்துக்குப் பின் மரமாகத் திரும்பித் திரும்பிக் கும்பிட்டது. மேலே இருந்த ஒருவன் கயிற்றை விட்டுவிட்டான். பழம் விழுந்து வெடித்துச் சுளை சிதறியது, பொறுக்குவதற்கு ஒருவர்கூடக் குனியவில்லை. எங்கள் ஊரில் அதுவே ஒரு பெரிய அதிசயம்.

"ஐயோ, இதுங்கல்லாம் எதுக்கு என்னையே பாக்குது?" என்று அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அன்றைக்குத்தான் நாங்கள் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தோம், நெற்றியில் ஒரு தழும்பு இருந்தது.

ஏன் இப்படி நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. மழை ஏன் பெய்கிறது என்று கேட்டுக்கொண்டா இருக்கிறோம்? இந்தக் கும்பிடு யாருக்குச் சேரவேண்டியது என்பதுதான் ஊருக்குள் பேச்சாக இருந்தது. தோப்புக்காரர் ஏகாம்பரம் மறுநாள் காலையில் குளித்து, சலவை வேட்டி கட்டி, தான் மட்டும் தனியாகத் தோப்புக்குள் நடந்து பார்த்தார், ஒரு பூச்சியும் அசையவில்லை. தங்கச்சங்கிலியைச் சட்டைக்கு வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டு நடந்தார், அப்போதும் மரம் மரமாகவே இருந்தது. கடைசியில் மண்ணாங்கட்டியைக் கூப்பிட்டு முன்னால் நடக்கவிட்டு அவள் பின்னாலேயே நடந்தார், தோப்பே கும்பிட்டது, அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"மரம் யாருது? எந்து," என்றார் அவர் பஞ்சாயத்தில். "மரத்துல காய்க்கிறது யாருது? எந்து. அப்ப மரத்துல இருக்கிற பூச்சி யாருது? பூச்சி போடுற கும்பிடு யாருது? இவ சும்மா குறுக்க நிக்கிறா."

அம்மன் கோயில் பூசாரி கலியமூர்த்தி இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. "பூச்சி மனுசாளக் கும்பிடாதுங்க. இவ மேல ஆத்தா எறங்கியிருக்கா. ஆத்தா கோயிலுக்குச் சொந்தம், கோயிலு ஊருக்குச் சொந்தம்," என்றார்.

நியாயம் இரண்டு பக்கமும் இருந்தது. ஆகவே காலையில் அவள் ஏகாம்பரத்துக்கு முன்னால் நடப்பது, மற்ற நேரமெல்லாம் தோப்பு நடுவிலுள்ள பெரிய பலாமரத்தடியில் தகரக்கொட்டகை போட்டு உட்காருவது என்று முடிவாயிற்று. கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி எங்களுக்கு இருந்தது. மண்ணாங்கட்டியிடம் யாரும் கேட்கவில்லை, கேட்கவேண்டும் என்று தோன்றவும் இல்லை.

ஆனால் பெயர் இடித்தது. மண்ணாங்கட்டியம்மன் என்று எந்த ஊரில் நோட்டீஸ் அடிப்பது? கலியமூர்த்தி பஞ்சாங்கத்தைப் பார்த்து, கண்ணை மூடி, சர்வலோகநாயகி என்று பெயர் சொன்னார். அதுவரை வாயே திறக்காதவள் அவர் காலில் விழுந்துவிட்டாள்.

"அண்ணே, என்ன வேணா செய்ங்க. நடக்கச் சொன்னா நடக்கறேன், குந்தச் சொன்னா குந்தறேன். அந்தப் பேர மட்டும் எடுத்துடாதீங்க. அந்தப் பேருதான் என்னக் காப்பாத்திக்கினு இருக்குது."

"சாமி அழுவக்கூடாது," என்றார் கலியமூர்த்தி. மஞ்சள்நீரை அவள் தலையில் ஊற்றினார், பழைய பெயரைச் சொல்லி இனி யாரும் கூப்பிடக்கூடாது என்று தண்டோரா போட்டோம், சர்வலோகநாயகி என்று பெயர் எழுதிய பலகையை வண்ணவிளக்கோடு கொட்டகைமேல் வைத்தோம், ஒரு கல் தொலைவிலிருந்து பார்த்தாலும் தெரியும். எமனுக்கும் கண் இருக்கிறது என்பது அப்போது எங்களுக்கு நினைவுக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு ஊருக்கு வந்த நல்லதையும் சொல்லவேண்டும். நிற்காத பஸ் நின்றது. தேங்காய்க்கடை, பூக்கடை, வளையல்கடை வந்தன. குழந்தை வரம் கேட்டும் வழக்கு ஜெயிக்கவேண்டும் என்றும் ஜனங்கள் வந்தார்கள், தேர்தலுக்கு நின்ற ஒருவர் வந்து, அவளை முன்னால் நடக்கவிட்டுத் தான் பின்னால் கையைக் கூப்பியபடி நடந்து, இரண்டு பக்கமும் பூச்சிகள் கும்பிடுவதைப் படம்பிடித்துக்கொண்டு போனார், ஜெயித்தும்விட்டார். எல்லோரும் கும்பிட்டார்கள். பூச்சிகளைப் பார்த்துப் பார்த்து எங்களுக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது, கையை முட்டியோடு மடித்து நெஞ்சில் ஒட்டவைத்து, தலையை மட்டும் மெல்லத் திருப்பி அவளையே பார்த்துக்கொண்டு நிற்போம்.

சருகு அள்ளும் வேலையை அவளிடமிருந்து எடுத்துவிட்டோம், சாமி சருகு அள்ளினால் ஊர் என்ன ஆவது? வேலை இல்லை என்றால் கூலியும் இல்லை, அடுப்பு மூட்டும் வேலையும் இல்லை. அதைப் பற்றி யாருக்கும் கவலை வரவில்லை, ஏனென்றால் அவள் முன்னால் வந்து குவிந்த படையலை ஊரே தின்றாலும் தீராது, சர்க்கரைப்பொங்கல், புளியோதரை, வடை, தேனில் ஊறிய பலாச்சுளை, வாழையிலை தாங்காமல் கிழியும். முதல்நாள் அவள் ஒரு வடையை எடுக்கக் கையை நீட்டினாள். கலியமூர்த்தி இலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"சாமி சாப்புடாதும்மா. சாமி ஆவியத்தான் எடுத்துக்கும்."

"பசிக்குதுண்ணே."

"ஆத்தாளுக்குப் பசி ஏது? ஜனங்களுக்குத்தான் பசி."

அவர் சொன்னது சாஸ்திரப்படி சரிதான், இலையை அவள் முகத்துக்கு நேராகக் காட்டுவார், ஆவி மூக்கில் படும்வரை பிடித்திருப்பார், மணி அடிப்பார், எடுத்துக்கொண்டு போய் எங்களுக்குப் பிரசாதமாகக் கொடுப்பார், சாமி கண்பட்ட சோறு என்பதால் அதற்கு ஒரு தனி ருசி இருந்தது என்பதை நாங்கள் மறைக்கவில்லை. தினமும் பழம் பாலென்று கொஞ்சம் கொடுக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். ஆனால் அபிஷேகப் பாலை அவள் நாக்கை நீட்டி வாங்கியபோது வெளியூர்க்காரர்கள் முகம் சுளித்தார்கள், அன்றோடு பாலபிஷேகம் காலுக்கு மட்டும் என்று ஆனது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டார் என்பார்கள், இங்கே சாமிக்கே இடம் கிடைக்கவில்லை.

பச்சையம்மாள்தான் பாத்திரம் கழுவுகிற சாக்கில் முந்தானைக்குள் சோற்றுருண்டையை மறைத்துக் கொண்டுவந்து அம்மாவுக்கு ஊட்டிவிட்டுப் போவாள். அது எங்களுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்தோம், அந்த அளவுக்கு ஈரமில்லாதவர்கள் அல்ல நாங்கள். ஒருநாள் ஊட்டிவிட்டு அவள் எழுந்தபோது, பெரிய பலாமரத்தின் பட்டையில், இடுப்பு உயரத்தில், ஒரே ஒரு பூச்சி தாயைப் பார்ப்பதை விட்டுவிட்டு மகள் பக்கம் தலையைத் திருப்பியது. கையைத் தூக்கியது. தாய்க்காரி பாய்ந்து உள்ளங்கையால் அதை மரத்தோடு வைத்து அறைந்து நசுக்கினாள், கையைச் சேலையில் துடைத்தாள், சுற்றுமுற்றும் பார்த்தாள். பூ கட்டிக்கொண்டிருந்த எதிர்வீட்டுத் தெய்வானை மட்டும் அதைப் பார்த்தாள், பார்க்காதவள்போல நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"இப்பவே கெளம்பு," என்றாள் தாய். "வடக்க உப்பளத்துல உங்க மாமன் இருக்குது. அங்க மருந்துக்குக்கூட மரம் கெடையாது. அங்கயே இரு."

"உனக்கு யாருமா சோறு ஊட்டுவா?"

"ஊரே என் முன்னால சோத்தக் கொட்டுதேடி. போ. நான் செத்தாலும் திரும்பி வராத. வந்தீன்னா எம்மேல ஆண."

பச்சையம்மாள் அழுதுகொண்டே பஸ் ஏறினாள். எங்கள் ஊரில் பஸ் நிற்பதால்தான் ஏற முடிந்தது, அதையும் யோசித்துப் பாருங்கள்.

மகள் போன பிறகு சாமியின் நடை தளர்ந்தது. காலையில் ஏகாம்பரத்துக்கு முன்னால் நடக்கும்போது மரத்தைப் பிடித்துப் பிடித்து நடந்தாள், பிடித்த இடத்திலிருந்த பூச்சிகள் அவள் விரலுக்கு இடம் விட்டு ஒதுங்கிக் கும்பிட்டன. ஆடி வெள்ளிக்கிழமை, கூட்டம் நெரிந்த நேரத்தில், எல்லோர் கண்ணுக்கும் முன்னால், அவள் படையலுக்குள் இரண்டு கையையும் விட்டுப் பொங்கலை வாரி வாரி வாயில் அடைத்துக்கொண்டாள், கன்னமெல்லாம் நெய், அழுகையும் மெல்லுதலும் ஒன்றாக இருந்தது. கூட்டம் பின்வாங்கியது. ஒரு குழந்தை வீரிட்டது. எங்களுக்கு மானம் போயிற்று, உள்ளதைச் சொல்கிறோம், அன்றைக்கு அவள்மேல் வந்த கோபத்தில் எங்களுக்குப் பாவம் புண்ணியம் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் அவள் கையைக் கட்டினோம். சாமி கையை உயர்த்தி அபயம் காட்டுவது வழக்கம்தானே, வலது கை மேல்நோக்கி, இடது கை கீழ்நோக்கி, இரண்டு மூங்கில் பிளாச்சு வைத்துக் கட்டினோம். கயிற்றால் கட்டினோம் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்வது பொய். பட்டுத்துணியால்தான் கட்டினோம், அசல் பட்டு.

அப்படியே உட்கார்ந்திருந்தாள். வாயருகே ஆவி போகும், வரும். ஒருமுறை அவள் தன் முன்னால் நின்ற தெய்வானையைப் பார்த்து, "கும்பிடு கும்பிடு குருவம்மா, கூழு தர்றேன் கும்பிடம்மா" என்று மெல்லப் பாடினாள், சின்ன வயதில் இருவரும் சேர்ந்து பாடிய பாட்டு அது. தெய்வானை கையை மடித்து இன்னும் நன்றாகக் கும்பிட்டாள். ஆவணி பிறப்பதற்குள் சர்வலோகநாயகி உட்கார்ந்த நிலையிலேயே போய்விட்டாள், அதை நாங்கள் உடனே கண்டுபிடிக்கவில்லை. மரத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம், பட்டையெல்லாம் வெறும் பட்டையாக இருந்தது.

நாங்கள் அழுதோம். நடிப்பு இல்லை, வாய்விட்டு அழுதோம், சாமி இல்லாத ஊராகிவிட்டோமே என்று பெண்கள் மண்ணில் புரண்டார்கள், அன்றைக்கே பஸ் நிற்காமல் போயிற்று. வளையல்கடைக்காரன் கடையைக் கட்டினான். ஏகாம்பரம் தோப்புக்குள் தனியாகப் போய் நின்று மரங்களைக் கையால் தட்டித் தட்டிப் பார்த்தார். அப்போதுதான் தெய்வானை மூக்கைச் சிந்திக்கொண்டே, ஒரு பூச்சி மகளைப் பார்த்துத் திரும்பிய கதையைச் சொன்னாள்.

கலியமூர்த்தி ஆள் அனுப்பினார். சாமியாகக் கூட்டிவா என்று சொல்லி அனுப்பவில்லை, அது பிடிவாதக்காரப் பெண். பெற்றவளுக்கு வாய்க்கரிசி போட வேறு யார் இருக்கிறார்கள், மகள் வராமல் பிணத்தை எடுக்கமாட்டோம் என்று சொல்லி அனுப்பினார். உப்பளத்தில் மாமன்காரன் போகாதே என்று தடுத்தானாம், "எங்கம்மாவ நான் ஒரு தடவ பாக்கணும் மாமா" என்று சொல்லிவிட்டு உப்பு ஒட்டிய காலோடு அப்படியே கிளம்பி வந்தாளாம்.

நாங்கள் பிணத்தைப் பெரிய பலாமரத்தடியில் கிடத்தியிருந்தோம். கட்டைப் பிரித்துவிட்டோம், ஆனால் கைகள் கட்டிய நிலையிலேயே விறைத்துப்போயிருந்தன. பச்சையம்மாள் வருவதற்குள் ஊரே வரிசையில் நின்று வாய்க்கரிசி போட்டு முடித்திருந்தது, யாரும் விட்டுப்போகவில்லை, ஏகாம்பரம் முதல் கைப்பிடி போட்டார், கலியமூர்த்தி அடுத்தது, தெய்வானை விம்மிக்கொண்டே இரண்டு முறை போட்டாள். வாய் நிறைந்து, உதடு மூடாமல், அரிசி கன்னத்தின் வழியாகக் கழுத்தில் வழிந்து கிடந்தது. பச்சையம்மாள் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள், பட்டுத்துணி அழுத்திய தடம் கறுத்திருந்தது. பிறகு வாயைப் பார்த்தாள்.

"உசுரோட இருந்தப்ப இதுல ஒரு பிடி போட்டீங்களா?" என்று கேட்டாள்.

அவளுக்குப் பின்னால் பெரிய பலாமரத்தின் பட்டை சிலிர்க்கத் தொடங்கியிருந்தது, வேரிலிருந்து உச்சிவரை, அதற்கு அடுத்த மரமும், அதற்கு அடுத்ததும், தோப்பு முழுக்க ஒவ்வொரு தலையாகத் திரும்பியது, ஒவ்வொரு கையாக உயர்ந்தது. கலியமூர்த்தியின் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஏகாம்பரம் செருப்பைக் கழற்றினார். நாங்கள் கையை முட்டியோடு மடித்து நெஞ்சில் ஒட்டவைத்துக்கொண்டு, தலையை மெல்லத் திருப்பி, அவளைச் சுற்றிவந்து நின்றோம். பஸ் வரும் திசையில் இருந்த இடைவெளியைத் தெய்வானை வந்து அடைத்துக்கொண்டாள்.

பச்சையம்மாள் எங்கள் ஒவ்வொருவர் கையையும் பார்த்துக்கொண்டே வந்தாள். முறத்திலிருந்து தன் பங்கு வாய்க்கரிசியை ஒரு பிடி அள்ளினாள். அம்மாவின் வாயில் போட இடம் இல்லை. எங்களையே பார்த்தபடி அந்தப் பச்சரிசியைத் தன் வாயில் போட்டு, நிதானமாக, நறநறவென்று மென்று விழுங்கினாள்.

எங்களுக்குத் தெரிந்து, அவள் தன் கையால் எடுத்துச் சாப்பிட்டது அதுதான் கடைசி.